பழுது முனையில்தான்

வேங்கிக்கால் ஏரி வற்றுகிற மாதங்களில் என் ஹெட்ஃபோனுக்குள் ஈ மொய்க்கும். சித்திரை பிறந்து பத்துப் பதினைந்து நாளில் ஆரம்பிக்கும். பாட்டு ஓடும்போது தெரியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வருகிற இரண்டு விநாடி அமைதியில் ‘ங்ங்ங்’ என்று ஒரு முனகல். ஐப்பசி மழை பிடித்து ஏரிக்குத் தண்ணீர் வந்ததும் தானாகவே நின்றுவிடும். இரண்டு வருஷம் இப்படி வந்து வந்து போனது.

முதல் வருஷம் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். கெட்டி உறை போட்ட, விலை கூடின கேபிள் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்து மாட்டினேன். முனகல் அப்படியே இருந்தது. அப்போதுதான், முப்பத்தாறு வருஷம் சம்பளம் வாங்கிப் பார்த்த வேலை நினைவுக்கு வந்தது.

நான் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்டராக இருந்தவன். 1984-இல் சேர்ந்தேன். 2000 அக்டோபரில் துறை பிஎஸ்என்எல் ஆனது. 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்களே, அதில் நானும் ஒருவன். குழிக்குள் உட்கார்ந்து, ஜெல்லி கேபிளின் வழவழப்பைத் துணியால் துடைத்து, வெள்ளை–நீலம், வெள்ளை–ஆரஞ்சு, வெள்ளை–பச்சை என்று ஜோடி ஜோடியாகப் பிரித்து இணைத்தவன். அந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. கம்பியின் நடுவில் பழுது வருவது அபூர்வம். பெரும்பாலும் அது முனையில் உட்கார்ந்திருக்கும். ஜாயின்ட்டில், பில்லரில், டிபி பெட்டியில், வீட்டுச் சுவரில் அடித்த ரோசெட்டுக்குள் துரு ஏறிய ஒரு திருகில்.

ஹெட்ஃபோனுக்குக் கேபிள் வாங்கப் போகிறவர்களிடமும் நான் சொல்ல நினைப்பது இதைத்தான்.

ஓய்வுப் பணத்தில் எனக்கென்று நான் வாங்கிக்கொண்டது ஒரு சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோனும் அதை ஓட்டுவதற்கான இரண்டு பெட்டிகளும்தான். எங்கள் வீடு வேலூர் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. கலெக்டர் ஆபீஸுக்கு வந்து போகிற வண்டிகளின் ஹாரன் பகலெல்லாம் கேட்கும். பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்கு வருகிற பேருந்துகள் விடிய விடிய ஓடும். எச்டி 650 முதுகுப்பக்கம் திறந்த வகை, வெளிச் சத்தத்தைத் தடுக்காது. அதனால் நான் பாட்டுக் கேட்பது விடியற்காலை நான்கு மணிக்கு. பௌர்ணமிக்கு விடுமுறை.

சாமான்களைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கேபிள் எங்கெங்கே வருகிறது என்று விளங்கும். லேப்டாப்பில் பாட்டு எண்களாக இருக்கிறது. சிடி தரம் என்றால் விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்து விநாடிக்கு 14 லட்சத்துச் சொச்சம் பிட். இந்த எண்களை மின் அலையாக மாற்றுகிற பெட்டிக்கு டாக் என்று பெயர். அந்த அலைக்குத் தெம்பு ஏற்றுகிற பெட்டி ஆம்ப்ளிஃபயர். லேப்டாப்பிலிருந்து டாக் வரைக்கும் ஒரு டிஜிட்டல் கேபிள், டாக்கிலிருந்து ஆம்ப் வரைக்கும் ஒரு ஜோடி ஆர்சிஏ கேபிள், ஆம்ப்பிலிருந்து காதுவரைக்கும் ஹெட்ஃபோன் கேபிள். மூன்றுக்கும் வேலை வேறு, வரக்கூடிய பழுதும் வேறு. மூன்றையும் ‘தெளிவு’, ‘ஆழம்’, ‘இனிமை’ என்ற ஒரே வார்த்தைகளைச் சொல்லி விற்கிறார்கள். அதில்தான் எனக்கு வருத்தம்.

முனகலுக்கு வருகிறேன். லைனில் இரைச்சல் என்று புகார் வந்தால் நாங்கள் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு முனையாகக் கழற்றிப் பார்ப்பது. அதையே செய்தேன். லேப்டாப்பின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். முனகல் நின்றது. மாட்டினேன், வந்தது. பேட்டரியில் ஓடும்போது இல்லை, சார்ஜர் மாட்டினால் இருக்கிறது என்றால் கேபிளின் செம்பு என்ன பாவம் செய்தது? மின்சாரம் வருகிற பக்கம்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கீழ்க்கட்டு பழையது, மாடி பிறகு கட்டியது. கீழே ஒரு எர்த் குழி, மாடிக்கென்று தோண்டியது இன்னொரு குழி. ஜன்னலோரம் இருக்கிற பிளக் பாயின்ட்டுக்குக் கீழ்க்கட்டிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்கள். லேப்டாப் சார்ஜர் அதில். ஆம்ப் மாடி பாயின்ட்டில். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இரண்டு பாயின்ட்டின் எர்த் ஓட்டைகளுக்கும் நடுவில் அளந்தேன். கிட்டத்தட்ட நான்கு வோல்ட் காட்டியது. இரண்டும் எர்த் என்றால் அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது.

நடந்தது இதுதான். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றிலிருந்தும் துளித் துளியாக மின்சாரம் எர்த்துக்குக் கசியும், அது இயல்பு. கீழ்க்கட்டு எர்த் குழி பாறை மண்ணில் இருக்கிறது. மலையடிவார ஊர், இரண்டு அடி தோண்டினால் கடப்பாரை ‘ணங்’ என்கும். மண்ணில் ஈரம் இருக்கிறவரை குழி வேலை செய்யும். கோடையில் காய்ந்ததும் கசிவு மின்சாரத்துக்குப் போக வழியில்லை. அது வேறு வழி தேடியது. லேப்டாப், யூஎஸ்பி கேபிளின் உறை, டாக், ஆர்சிஏ கேபிளின் உறை, ஆம்ப், மாடி எர்த். என் பாட்டு போகிற பாதையிலேயே வீட்டின் கழிவு மின்சாரமும் போயிருக்கிறது. 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் நான் கேட்ட ஈ. இதைக் கிரவுண்ட் லூப் என்பார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த முனகலுக்குச் சிலர் சொல்கிற வைத்தியம், ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடுவது. முனகல் நிற்கும். ஆனால் என்றைக்காவது பெட்டிக்குள் ஒரு ஒயர் விலகி உடம்பைத் தொட்டால், 230 வோல்ட் ஹெட்ஃபோன் கேபிள் வழியாகத் தலைக்கே வரும். தயவு செய்து யாரும் செய்யாதீர்கள். யாராவது செய்து வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

நான் எலக்ட்ரீஷியனை அழைத்து இரண்டு குழிகளையும் பட்டையான ஜிஐ தகட்டால் ஒன்றாக இணைத்தேன். கீழ்க்குழியைத் தோண்டி, குழாயைச் சுரண்டித் துருவை எடுத்து, கரியும் உப்பும் புதிதாக அடுக்கினோம். லேப்டாப்பும் ஆம்ப்பும் இப்போது ஒரே பாயின்ட்டில். முனகலில் முக்கால்வாசி போயிற்று. மீதிக்கு லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவில் இருந்த யூஎஸ்பியை எடுத்துவிட்டு, சின்ன மாற்றுப் பெட்டி ஒன்றின் வழியாக ஆப்டிகல் கேபிள் போட்டேன். கேபிளுக்காக நான் செலவழித்ததில் எனக்கு முழுத் திருப்தி தந்த முந்நூறு ரூபாய் அதுதான்.

ஆப்டிகல் கேபிளில் உலோகமே இல்லை. ஜப்பானின் தோஷிபா 1983-இல் கொண்டுவந்தது, அதனால் டாஸ்லிங்க் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை, அதற்குள் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு மின்னுகிறது. நாங்கள் ஊருக்கு ஊர் போட்ட ஃபைபரில் வெளிச்சம் போகிற கண்ணாடி மையம் ஒன்பது மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு மாதிரி. அதை ஒட்டவைக்கத் தூசியில்லாத கூடாரமும் லட்ச ரூபாய் மெஷினும் வேண்டும். டாஸ்லிங்க் அதற்குப் பேரப்பிள்ளை மாதிரி, பாடு குறைவு. ஆனாலும் குணம் ஒன்றே: முனையில் தூசி படக் கூடாது, மடக்கிச் சுருட்டக் கூடாது. கேபிளோடு வருகிற குட்டி மூடியைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் மின்சாரம் ஏறிப் போக முடியாது. லேப்டாப்பின் கசிவு லேப்டாப்போடு நின்றுவிடுகிறது.

அப்படியென்றால் எல்லோரும் ஆப்டிகலே போடலாமா? எனக்குத் தேவைப்பட்டது, போட்டேன். அதற்கு எல்லை உண்டு. 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கவலையில்லாமல் போகும், 192-இல் சில பெட்டிகள் தடுமாறும். அதற்கு மேல் வேண்டுமென்றால் யூஎஸ்பிதான். இப்போதைய டாக்குகளில் யூஎஸ்பிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பழைய முறையில் அனுப்புகிற பக்கம் தாளம் போடும், வாங்குகிற டாக் அதற்கு ஈடு கொடுத்து ஓட வேண்டும். லேப்டாப்பின் தாளம் தடுமாறினால் சத்தத்தில் அது லேசாகக் கலங்கும், அதை ஜிட்டர் என்பார்கள். ‘அசிங்க்ரனஸ்’ என்று எழுதியிருக்கிற டாக்கில் தாளம் போடுவது டாக். ‘இன்னும் கொஞ்சம் அனுப்பு, போதும், நிறுத்து’ என்று அதுவே லேப்டாப்பிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். தாளக்காரர் பாடகர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்ட மாதிரி. இந்த வசதி வந்த பிறகு யூஎஸ்பி கேபிளின் விலையைக் கூட்டித் தாளத்தைச் சரி செய்கிறேன் என்பதில் அர்த்தம் இல்லை. தரச்சான்று உள்ள சாதாரணக் கேபிள், இரண்டு மீட்டருக்குள் இருந்தால் போதும்.

கோஆக்சியல் என்று ஆரஞ்சு நிற வளையம் போட்ட ஒரு துளை பல டாக்குகளின் பின்னால் இருக்கும். பார்த்தால் சாதாரண ஆர்சிஏ. ஆனால் அதற்கு 75 ஓம் கேபிள் வேண்டும். ஏன் என்பதை நான் டிரங்க் லைனில் காதால் கேட்டவன். கேபிளின் குணமும் முனையில் இருக்கிற கருவியின் குணமும் பொருந்தாவிட்டால், போன சிக்னலில் ஒரு பங்கு சுவரில் பட்ட பந்து மாதிரி திரும்பி வரும். பேசினவருக்கே அவர் குரல் எதிரொலிக்கும். கோஆக்சியலிலும் அதே கதை, எதிரொலி அடுத்த பிட்டின் மேல் விழுந்து அதன் விளிம்பைக் கலைக்கும். 75 ஓம் கேபிளைத் தேடி எங்கும் போக வேண்டாம், மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து டிவிக்கு வருகிற ஆர்ஜி-6 கேபிளே 75 ஓம்தான். முனையில் நல்ல ஆர்சிஏ பிளக் அடித்தால் வேலை முடிந்தது. நான் அடித்து வைத்திருக்கிறேன், குறையில்லாமல் ஓடுகிறது.

டிஜிட்டல் கேபிளைப் பற்றி ஒரே ஒரு அடையாளம் மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். அதில் பழுது வந்தால் டிக் டிக் என்று வெடிக்கும், நடுவில் அறுபடும், அல்லது சத்தமே வராது. வயலினின் இனிமை மட்டும் கொஞ்சம் குறைவது, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் மெலிவது என்பதெல்லாம் பிட் தொலைவதால் நடக்காது. ‘இந்த யூஎஸ்பி கேபிள் போட்டதும் குரலில் தேன் கூடிற்று’ என்று யாராவது சொன்னால், முதலில் அவர் வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கேபிளின் உறை கிரவுண்ட் லூப்பை மாற்றியிருந்தால் வித்தியாசம் நிஜமாகவே கேட்டிருக்கலாம். அப்போதும் காரணம் தேன் இல்லை.

லேன் கேபிளில் வரும் ஸ்ட்ரீமர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நிம்மதி. அந்தத் துளைக்குள்ளேயே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் நேரடி உலோகத் தொடர்பு கிடையாது. உலோக உறையில்லாத சாதாரண கேட்-6 கேபிளே போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள். சில மலிவு லேன் கேபிள்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசி விற்கிறார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அலுமினியம் செம்பைவிடக் கடத்துவது குறைவு, மடக்கினால் முறியும், பிளக்குக்குள் நாள்பட்டால் பிடி தளரும். கம்பி என்று நான் வெறுக்கிற பொருள் இது ஒன்றுதான்.

புளூடூத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் நல்ல முறைகளில் ஒன்றான எல்டாக்கே விநாடிக்கு 990 கிலோபிட் வரைதான் போகும், சிடிக்கு 1,411 வேண்டும். பிழிந்துதான் அனுப்ப முடியும். நடந்துகொண்டே கேட்க அது போதும். உட்கார்ந்து கேட்பதற்கு ஒயர்.

இனி காதுப் பக்கத்துக் கேபிள். பணம் அதிகம் போவதும் இங்கேதான்.

பெரிய ஹெட்ஃபோன்களின் முனையில் கால் அங்குல பிளக் ஒன்று இருக்குமே, 6.35 மில்லிமீட்டர், அதை முதன்முதலில் நான் கையில் எடுத்தது பாட்டுக் கேட்பதற்காக இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செங்கம் பக்கம் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சில் கையால் இணைக்கிற போர்டு இருந்தது. ஆபரேட்டர் அம்மா காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கயிறு கட்டிய பிளக்கை ஒரு துளையிலிருந்து உருவி இன்னொன்றில் செருகுவார். அந்தப் பிளக்கின் வம்சம்தான் இது. டெலிபோன் போர்டுகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. நுனியை டிப், நடு வளையத்தை ரிங், அடிப்பகுதியை ஸ்லீவ் என்று இன்றைக்கும் ஆடியோக்காரர்கள் சொல்வதெல்லாம் போர்டின் பாஷை. வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பிளக்குகளைப் பிராசோ போட்டுப் பளபளக்கத் தேய்ப்பது எனக்குக் கொடுத்த வேலை. தேய்க்காவிட்டால் கரகர என்று புகார் வரும். உங்கள் ஹெட்ஃபோன் ஒரு பக்கம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டால் புதுக் கேபிளுக்குப் போகும் முன் பிளக்கை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். பாதி நோய் அதிலேயே தீரும்.

‘பேலன்ஸ்டு’ என்ற சொல்லும் எங்கள் வீட்டுச் சொல்தான். முறுக்கிய ஜோடிக் கம்பிக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை வாங்கினார். இரண்டு கம்பியும் மண்ணைப் பொறுத்தவரை சமம். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறும், முனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் போய்விடும், பேச்சு மிஞ்சும். ஜோடியை மாற்றி முறுக்கிவிட்டால், அதாவது இந்த ஜோடியில் ஒன்றும் அந்த ஜோடியில் ஒன்றுமாகப் பிடித்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது இங்கே கேட்கும். ஒரு தடவை அவசரத்தில் நான் அப்படிச் செய்து, இரண்டு குடும்பத்துக்குள் வந்த சண்டையை நேரில் போய் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்திருக்கிறேன்.

டாக்குக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிள் போடுவது இந்த நிஜமான பேலன்ஸ்டு. கேபிள் நீளமாக இருந்தாலோ முனகல் தீராமல் இருந்தாலோ அது பெரிய உதவி. ஆனால் ஹெட்ஃபோனில் சொல்கிற பேலன்ஸ்டு வேறு. அங்கே இடது காதுக்கும் வலது காதுக்கும் திரும்பி வருகிற கம்பி தனித்தனி, ஒவ்வொரு காதையும் இரண்டு பக்கமிருந்தும் ஆம்ப் தள்ளி இழுக்கும். சாதாரணக் கேபிள் சிலவற்றில் திரும்பும் கம்பி இரண்டு காதுக்கும் பொது. 32 ஓம் ஹெட்ஃபோனில் அந்தப் பொதுக் கம்பி பத்தில் ஒரு ஓம் இருந்தால், இடது பக்கத்தில் முந்நூற்றில் ஒரு பங்கு வலது பக்கத்துக்குக் கசியும். எச்டி 650-இல் பிளக் வரைக்கும் நான்கு கம்பி தனியாகவே வருகிறது.

போன மார்கழியில் என் தங்கை மகன் ஒரு சின்ன மரப்பெட்டியோடு வந்தான். கலசபாக்கத்தில் கடை வைத்திருக்கிறான், பாட்டுப் பைத்தியம். பெட்டிக்குள் வெள்ளிக் கேபிள். அவனுடைய இயர்ஃபோனைவிடக் கேபிளின் விலை கூட.

“கேட்டுப் பாருங்க மாமா. தரை டிக்கெட்லேர்ந்து பால்கனிக்குப் போன மாதிரி இருக்கு.”

வாங்கிக் கேட்டேன். அவன் சொன்னது பொய்யில்லை. விரிந்து, நிமிர்ந்து, எல்லாம் கிட்டத்தில் வந்த மாதிரி இருந்தது.

“இதுல எந்த பிளக்குடா?”

“நாலு புள்ளி நாலு. பேலன்ஸ்டு.”

“பழசுல?”

“மூணரை.”

அவனுடைய கைப்பெட்டி பிளேயரில் இரண்டு துளையும் உண்டு. 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைப் பதிந்து ஓடவிட்டேன். சாதாரண மல்டிமீட்டர் ஏசியை நம்பகமாக அளப்பது அந்த அடிமட்டத்தில்தான். பிளக்கின் மூடியைக் கழற்றி, உள்ளே இடது காதின் இரண்டு முனையிலும் மீட்டர் ஊசிகளை வைத்தேன். மூன்றரையில் 0.2 வோல்ட். வால்யூமைத் தொடாமல் 4.4-இல் அளந்தால் 0.4. சரியாக இரட்டிப்பு. டெசிபெல்லில் ஆறு கூட. பேலன்ஸ்டு துளையின் இயல்பே அது, இரண்டு பக்கமிருந்தும் தள்ளுவதால் வோல்ட் இரட்டிக்கும். அவன் கேட்ட பால்கனி அந்த ஆறு டெசிபெல். ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் நம் காது அதைச் ‘சத்தம் கூட’ என்று சொல்லாமல் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும்.

பிறகு இரண்டையும் மீட்டரில் சமமாக்கினேன். அவன் கண்ணை மூடி உட்கார்ந்தான், எந்தக் கேபிள் என்று எடையை வைத்துக் கண்டுபிடிக்காதபடி தோளில் துண்டைப் போட்டேன். காசு சுண்டி, பூ விழுந்தால் வெள்ளி, தலை விழுந்தால் செம்பு. பதினாறு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டின் அதே ஒரு நிமிஷம். ஒன்பது சரி, ஏழு தப்பு. காசைச் சுண்டியே பதில் சொன்னாலும் எட்டு வரும்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “காசு வீணா மாமா?” என்றான்.

“வெள்ளிக்குக் கொடுத்தது வீணுதான்பா. பிளக்கும் நெசவும் நல்லா இருக்கு, பத்து வருஷம் உழைக்கும். அடுத்து ஏதாச்சும் வாங்கறதா இருந்தா இயர்ஃபோனை மாத்து.”

வெள்ளி செம்பைவிட ஐந்தாறு சதவீதம் நன்றாகக் கடத்தும், அவ்வளவுதான். செம்புக் கம்பியைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் அந்த வித்தியாசம் சமனாகிவிடும். கணக்கைப் பாருங்கள். டெலிபோனுக்கு நாங்கள் போட்ட அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பினால் அரை ஓம் சொச்சம். எச்டி 650 முந்நூறு ஓம். முந்நூறுக்கு முன்னால் அரை ஓம் குறைக்கிற சத்தம் 0.015 டெசிபெல். மிகக் கூர்மையான காதுக்கும் கால் டெசிபெல்லாவது வேண்டும் வித்தியாசம் தெரிய. 1983-இல் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை ஸ்பீக்கர் கேபிள்களைக் கண்மறைத்துச் சோதித்தபோதும் பெயர் பெற்ற கேபிளையும் தடித்த விளக்கு ஒயரையும் இசையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மிக மெல்லிய ஒயரில்தான் வித்தியாசம் தலைகாட்டியது.

இதைச் சொல்லிவிட்டுக் கேபிள் எதற்குமே வித்தியாசம் வராது என்று முடித்தால் அதுவும் தப்பு. காதுக்குள் செருகுகிற சில இயர்ஃபோன்களுக்குள் நாலைந்து குட்டி டிரைவர்கள் இருக்கும். அவற்றின் தடை ஒரு சுருதியில் 30 ஓம் என்றால் இன்னொரு சுருதியில் ஐந்து ஓமுக்கு இறங்கும். அங்கே அதே அரை ஓம் கேபிள் ஒரு சுருதியை 0.15 டெசிபெல் குறைக்கும், இன்னொன்றை 0.9 டெசிபெல் குறைக்கும். அது காதில் விழக்கூடிய மாற்றம். இப்படிப்பட்ட இயர்ஃபோனுக்குத் தடை குறைந்த கேபிள் வேண்டும். அதைவிட முக்கியம் ஆம்ப்பின் வெளிவாய்த் தடை. அது ஹெட்ஃபோனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுக்கணக்கு. கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தங்கமுலாம் எத்தனை மைக்ரான் என்பதை அப்புறம் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பேலன்ஸ்டு பிளக் போட்ட ஹெட்ஃபோனைச் சாதாரணத் துளையில் மாட்ட அடாப்டர் உண்டு, அதனால் கெடுதல் இல்லை. அதைத் திருப்பிச் செய்யாதீர்கள். பேலன்ஸ்டு துளையில் அடாப்டர் போட்டுச் சாதாரண மூன்று முனைப் பிளக்கைச் செருகினால், இடது வலது இரண்டின் திரும்பும் முனைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஷார்ட் ஆகும். அந்தத் திரும்பும் முனைகளிலும் ஆம்ப் மின்சாரம் விடுகிறது என்பதை மறக்கக் கூடாது. ஆம்ப் எரியலாம்.

என் எச்டி 650-க்கு அதோடு வந்த கேபிளே போதும் என்று விட்டேன். பிளக்கை மட்டும் வெட்டிவிட்டு நான்கு பின் எக்ஸ்எல்ஆர் நானே பற்றவைத்தேன். ஒன்று இடது பிளஸ், இரண்டு இடது மைனஸ், மூன்று வலது பிளஸ், நான்கு வலது மைனஸ். இந்த மாதிரிக் கேபிள்களில் கம்பியோடு இழுவைக்கென்று நார் ஓடும், சாதாரணக் கத்தரிக்கோல் வழுக்கும், புது பிளேடு வேண்டும். பல கம்பிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கும். அது எரிந்து போகும்வரை ஈயத் துளியில் கம்பி நுனியை முக்கி வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈயம் மேலே உட்கார்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. ஒரு மாதம் ஓடும், பிறகு ஒரு காது போகும். நல்ல பற்று பளபளவென்று, கம்பியோடு சரிந்து இறங்கி நிற்கும். கெட்டது மங்கலாக, உருண்டை கட்டி நிற்கும். முப்பத்தாறு வருஷத்தில் கண் அதை மட்டும் தப்பவிட்டதில்லை.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறார்கள். பாதிக்கு மேல் ஹெட்ஃபோனுக்கே போகட்டும். மீதியில் பெரும்பங்கு டாக்குக்கும் ஆம்ப்புக்கும். எர்த் சரியில்லாத வீடு என்றால் எர்த்துக்கு. இத்தனைக்கும் பிறகு கையில் நிற்பதில் கேபிள். இதில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை. நல்ல பிளக், சரியான நீளம், மடக்கினால் முறியாத உறை, இந்த மூன்றுக்கும் தாராளமாகக் கொடுப்பேன்.

வைகாசியில் ஏரி மறுபடி வற்றியது. நடுவில் விரிசல் விட்ட சேற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஒரு நாள் விடியற்காலை இளையராஜாவின் ‘திருவாசகம்’ போட்டேன். 2005-இல் வந்தது, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. திருவாசகத்தில் வருகிற திருவெம்பாவையை மாணிக்கவாசகர் பாடியது எங்கள் ஊரில்தான் என்பது மரபு. அதனால் இந்த இசைத்தட்டின் மேல் இங்கே எல்லோருக்கும் ஒரு உரிமை உண்டு. ஒரு பகுதி முடிந்தது. வயலின்கள் அடங்கின பிறகும் மண்டபத்தின் காற்று கொஞ்ச நேரம் அசைந்து, மெல்ல மெல்லக் குறைந்து, இல்லாமல் போனது. அடுத்தது தொடங்கும்வரை காத்திருந்தேன். ஈ இல்லை. வேலூர் சாலையில் முதல் பேருந்து கியர் மாற்றுவதுதான் தூரத்தில் கேட்டது.

எழுந்து கீழே போய் எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.